சந்திர கிரகணமும் நம் மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு மாத இடைவெளியில் இரண்டு முழு சந்திர கிரகணங்கள் வந்து போயின: 2025 செப்டம்பர் 7 ராத்திரி ஒன்று, 2026 மார்ச் 3 சாயங்காலம் ஒன்று. இரண்டு முறையும் என் போன் ஓயவில்லை. ஜோதிடம் எனக்குத் தொழில் இல்லை. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் போடக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனாலும் "என் ராசிக்கு எப்படி?" என்பதில் ஆரம்பித்து "கிரகணத்தில் மனசு மாறும் என்கிறார்களே, நிஜமா?" என்பது வரை கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கிரகணத்தன்று வானத்தில் என்னதான் நடக்கிறது?

சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி வருகிறது. பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுகிறது. பௌர்ணமியில் மட்டுமே இது நடக்க முடியும். ஆனால் எல்லாப் பௌர்ணமியிலும் நடப்பதில்லை. சந்திரன் சுற்றும் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான மாதங்களில் சந்திரன் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடுகிறது.

2025 செப்டம்பரில் நம் நேரப்படி இரவு 9.57க்கு நிழல் தொட்டது. 11.01க்கு முழுசாக மூடியது. 12.23 வரை அப்படியே இருந்தது, 1.26க்கு விட்டது. பஞ்சாங்கக்காரர்கள் தொடுவதை ஸ்பரிசம் என்றும் விடுவதை மோட்சம் என்றும் எழுதுவார்கள். மூடிய நேரத்தில் நிலா காணாமல் போவதில்லை, செம்பு நிறத்துக்கு வந்துவிடும். பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் வழியாக வளைந்து போகும் வெளிச்சத்தில் நீலம் சிதறி, சிவப்பு மட்டும் மிஞ்சி அங்கே விழுவதுதான் காரணம். உலகத்தின் அத்தனை சூரிய உதயங்களும் அஸ்தமனங்களும் ஒரே நேரத்தில் நிலா மேல் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் மொட்டை மாடியில் மேகம் வந்து வந்து போனது. இடையில் கிடைத்த நாலு நிமிஷத்தில் பார்த்தபோது, புளி போட்டுத் தேய்க்காமல் பரணில் கிடந்த செம்புத் தட்டு மாதிரி இருந்தது.

அப்புறம் ராகு, கேது எங்கே வந்தார்கள்?

சந்திரனின் சாய்ந்த பாதை சூரியனின் பாதையை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அந்த இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அதனால்தான் ஜோதிடத்தில் அவர்களை நிழல் கிரகங்கள், சாயா கிரகங்கள் என்கிறோம். பௌர்ணமிச் சந்திரன் இந்தப் புள்ளிகளில் ஒன்றின் பக்கத்தில் இருந்தால்தான் கிரகணம். பாம்பு விழுங்குகிறது என்ற கதையும் இந்தக் கணக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தன் பிருகத் சம்ஹிதையில் ராகுவைப் பற்றிய அத்தியாயத்திலேயே, சந்திர கிரகணம் என்பது சந்திரன் பூமியின் நிழலுக்குள் நுழைவதுதான் என்று எழுதிவிட்டார். அதே அத்தியாயத்தில் பலனும் சொல்கிறார். "படித்தவன் ஜோதிடம் பார்ப்பானா?" என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் சொல்வது இதைத்தான்: நிழல் என்று தெரிந்தவர்தான் பலனும் எழுதினார்.

கிரகணத்துக்கும் 'சுய வளர்ச்சி'க்கும் என்ன சம்பந்தம்? பழைய நூல்களில் இப்படி இருக்கிறதா?

இல்லை. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. பழைய நூல்களில் கிரகணப் பலன் என்றால் அரசனுக்கு என்ன ஆகும், மழை வருமா, விளைச்சல் எப்படி, எந்தத் தேசத்துக்குக் கேடு என்பதுதான். தனி மனிதனுக்கு என்று வரும்போது ராசி, நட்சத்திரம் பார்த்து, ஸ்நானம், தானம், ஜபம் சொல்வார்கள். 'உள்ளே இருப்பதை விடுவியுங்கள், புதுப் பிறவி எடுங்கள்' என்ற பேச்செல்லாம் மேற்கத்திய நவீன ஜோதிடத்திலிருந்து இணையம் வழியாக நம் பக்கம் வந்தது.

ஆனால் நம் ஜோதிடத்தில் அதற்கு இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சந்திரனுக்கு நாம் வைத்த பெயரே மனோகாரகன். ஜென்ம ராசி என்று நாம் சொல்வது பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி. அதாவது 'நான் கன்னி ராசி' என்று ஒருவர் சொல்லும்போது, 'என் மனசு கன்னியில் இருக்கிறது' என்றுதான் அர்த்தம். அந்த மனோகாரகன் மேல் நிழல் விழும் நாளை மனசைப் பார்க்கும் நாளாக எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. நிழல் எதையும் மாற்றித் தராது. பார்ப்பதற்கு ஒரு தேதி குறித்துத் தருகிறது.

ராகு பிடித்தால் ஒரு பலன், கேது பிடித்தால் வேறு பலனா?

ஆமாம், என் பார்வையில் இதுதான் முக்கியமான கேள்வி. ராசியைக் கேட்கும் அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை.

கதையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பாற்கடலைக் கடைந்து அமுதம் வந்தது, மோகினி பரிமாறினாள். தேவர்கள் வரிசையில் ஓர் அசுரன் நைசாக உட்கார்ந்துவிட்டான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள். அமுதம் தொண்டையைத் தாண்டுவதற்குள் தலை போயிற்று. தலை ராகு, உடம்பு கேது. அந்தக் கோபத்தில்தான் இன்றைக்கும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ராகு வெறும் தலை, வயிறு கிடையாது. எதை விழுங்கினாலும் கழுத்து வழியாக வெளியே வந்துவிடும். சந்திரனையே விழுங்கினாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நழுவிவிடுகிறது. பசி மட்டும் அடங்குவதே இல்லை. அவரைப் போககாரகன், அதாவது உலக இன்பங்களைத் தருபவர் என்று சொல்வது இதனால்தான். கேதுவுக்குத் தலை இல்லை. பார்க்கவும் ருசிக்கவும் ஒன்றுமில்லை. அவர் ஞானகாரகன், மோட்சகாரகன். ஆசை இல்லை, அதே சமயம் எதிலும் பிடிப்பும் இல்லை.

2025 செப்டம்பரில் சந்திரன் கும்பத்தில் ராகுவோடு இருந்தது. அன்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: 'எவ்வளவு போட்டாலும் நிறையாதது என்னிடம் எது?' 2026 மார்ச்சில் சிம்மத்தில் கேதுவோடு. கேள்வி திரும்பிவிடுகிறது: 'நான் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேனே, அது நிஜமாகவே விட்டதா, அலுத்துப்போய் ஒதுங்கியதா?' இரண்டாவது கொஞ்சம் கஷ்டம். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து வருஷமாகப் பாடுவதில்லை. கேட்டால் "அதெல்லாம் தாண்டி வந்தாச்சு" என்பார். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் பாட்டுச் சாதகம் பண்ணும்போது சுருதி விலகினால், படிக்கிற பேப்பர் ஒரு நொடி கீழே இறங்கும்.

என் ராசிக்கு எப்படிப் பார்ப்பது?

ஜென்ம ராசியை ஒன்று என்று வைத்துக்கொண்டு, கிரகணம் பிடிக்கும் ராசி வரை எண்ணுங்கள். 3, 6, 10, 11 வந்தால் நல்லது. 1, 4, 8, 12 வந்தால் கவனம் தேவை. மீதி 2, 5, 7, 9 நடுத்தரம். கும்பத்தில் பிடித்தபோது மேஷம், ரிஷபம், கன்னி, தனுசு ஆகிய நான்கும் நல்ல பட்டியலில் வந்தன. கடகம், விருச்சிகம், கும்பம், மீனம் 'சாந்தி செய்து கொள்ளவும்' என்ற பட்டியலில் வந்தன.

பேப்பரில் இதோடு நின்றுவிடுவார்கள். நான் இதை மார்க் ஷீட்டாக எடுத்துக்கொள்வதில்லை. எண்ணி வந்த எண்தான் வீடு. எந்த வீட்டில் விழுகிறதோ, அந்த வீட்டு விஷயத்தை மனசு எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். நாலாம் வீடு என்றால் அம்மா, வீடு, சுகம். ஏழு என்றால் துணை. பத்து தொழில். எட்டு, நாம் யாரிடமும் பேசாத விஷயம். பெரும்பாலும் கடன் அல்லது உடம்பு. ஐந்து குழந்தைகள், பூர்வ புண்ணியம் என்பார்கள். நடைமுறையில் 'பிள்ளை எப்படி வர வேண்டும்' என்ற நம் பிடிவாதம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 'நல்ல' வீடுகளுக்கும் இதே கதைதான். பதினொன்றில் விழுந்தால் லாபம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு, அந்த லாபம் வந்தால் எதற்கு என்று யோசிக்காமல் போகிறோம்.

எனக்குக் கெட்ட இடத்தில் விழுந்திருக்கிறதே, பயமாக இருக்காதா?

என் ராசி மீனம். கும்பம் எனக்குப் பன்னிரண்டு. விரய ஸ்தானம். போதாக்குறைக்கு ஏழரைச் சனி வேறு. பஞ்சாங்கத்தில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு கணக்கு உண்டு. திருக்கணிதப்படி அப்போது எனக்கு ஜென்ம சனி, வாக்கியப்படி இன்னும் விரயச் சனி. எந்தப் பஞ்சாங்கத்தைப் பிரித்தாலும் ஆறுதல் கிடையாது.

பன்னிரண்டாம் வீட்டுக்கு இன்னொரு பெயர் அயன சயன போக ஸ்தானம். சயனம் என்றால் படுக்கை, தூக்கம். தாத்தா இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு, சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. ராத்திரி ஒரு மணி வரை போனை நோண்டிக்கொண்டிருக்கிறேன். எதைத் தேடுகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வயிறில்லாத தலை விழுங்கிக்கொண்டே இருக்கிறதே, அதேதான்.

அந்தக் கிரகணத்துக்கு அடுத்த நாளிலிருந்து பதினாலு நாள், அமாவாசை வரைக்கும், எத்தனை மணிக்குக் கண்ணை மூடினேன் என்று தினமும் காலண்டர் தாளில் எழுதினேன். 12.50, 1.15, 12.40 என்று போனது. இரண்டாவது வாரத்தில் 11.30க்கு வந்திருந்தால் கதை நன்றாக முடிந்திருக்கும். வரவில்லை. ஆனால் போன் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றினேன், அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கெட்ட இடத்துக் கிரகணத்தால் எனக்கு ஆன விரயம், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிய செலவு.

என் நட்சத்திரத்தைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். ஏன்?

கிரகணம் பிடிக்கும் நட்சத்திரம், அதிலிருந்து பத்தாவது, பத்தொன்பதாவது ஆகிய மூன்றும் ஒரே கிரகத்துக்குரியவை. ஜென்மம், அனுஜென்மம், திரிஜென்மம் என்பார்கள். மார்ச் கிரகணம் பூரத்தில் என்பதால் பூராடமும் பரணியும் சேர்ந்து வந்தன. மூன்றுக்கும் அதிபதி சுக்கிரன். சிலர் முன்னும் பின்னும் உள்ள நட்சத்திரங்களையும் சேர்ப்பார்கள், அதனால் பேப்பருக்குப் பேப்பர் பட்டியல் மாறும். பட்டியலில் இருந்தால் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை, முடிந்தால் பச்சரிசியோ உளுந்தோ தானம், போதும். ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு 'விசேஷ கிரகண ஹோமம்' என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கிரகண நேரத்தில் என்ன செய்யலாம்?

வழக்கம் என்னவென்றால்: சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம், அதாவது 9 மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடித்துக்கொள்வது. குழந்தைகள், வயசானவர்கள், நோயாளிகளுக்கு இதில் விலக்கு உண்டு. பிடிக்கும்போது ஒரு குளியல், விட்ட பிறகு ஒரு குளியல், நடுவில் ஜபம். அந்த நேரத்து ஜபத்துக்குப் பல மடங்கு பலன் என்பது நம்பிக்கை. தகப்பனார் இல்லாதவர்கள் தர்ப்பணம் செய்வார்கள். எங்கள் வீட்டில் மாவடு ஜாடி, தயிர், தோசை மாவு எல்லாவற்றிலும் அம்மா ஒரு தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிடுவார். செப்டம்பரில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஒன்று செருகியிருந்தது. "உள்ளே இருக்கறதுக்கெல்லாம் சேர்த்துதான்" என்றார்.

கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள், திருமலை உட்பட. ராகு கேது தலமான காளஹஸ்தியில் மட்டும் கிரகண நேரத்திலும் நடை திறந்திருக்கும், அபிஷேகமும் நடக்கும்.

மனசைப் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. சாப்பாடு இல்லை, வேலை இல்லை, மந்திரம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்தில் மனசு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஓடிய இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மந்திரம் தெரியாதவர்கள், வழக்கத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள், மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்காரலாம். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. சூரிய கிரகணத்துக்குத்தான் கண் கண்ணாடி எல்லாம்.

முக்கியமான முடிவை அன்றைக்கு எடுக்கலாமா?

முகூர்த்த சாஸ்திரப்படி கிரகண நாளில் சுபகாரியம் ஆரம்பிப்பதில்லை. வேலையை விடுவது, உறவை முறிப்பது மாதிரி முடிவுகளையும் நான் தள்ளிப்போடத்தான் சொல்வேன். மனோகாரகன் மறைந்திருக்கும்போது மனசு சொல்வதை நம்பாதே என்பது ஜோதிடக் காரணம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பட்டினி வயிற்றோடு எடுக்கும் முடிவு எந்த நாளிலும் சரியாக இருக்காது என்பது என் காரணம்.

ஜாதகத்தில் 'கிரகண தோஷம்' என்று எழுதியிருக்கிறது. கல்யாணம் ஆகுமா?

சந்திரன் ராகுவோடோ கேதுவோடோ ஒரே ராசியில் இருந்தால் இப்படி எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ராசியில் இரண்டில் ராகுவும் கேதுவும் எப்போதும் இருக்கிறார்கள். சந்திரன் மாதா மாதம் இரண்டையும் தாண்டியாக வேண்டும். அப்படியென்றால் பிறப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இந்த 'தோஷம்' இருக்கும். ஆறில் ஒருவருக்குக் கல்யாணம் ஆகாமலா இருக்கிறது? பாகை நெருக்கம், குருவின் பார்வை, லக்னம் எல்லாம் பார்க்காமல் இதை மட்டும் வைத்துப் பயமுறுத்துபவரிடம் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள்.

கர்ப்பிணிகள்?

உதடு பிளந்து பிறந்தால் 'கிரகண மூளி' என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கிரகணத்தால் அப்படி ஆவதில்லை. வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுப் போகலாம், நஷ்டமில்லை. ஆனால் மணிக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் வைப்பது கர்ப்பிணிக்கு நல்லதே இல்லை. பெரியவர்களிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

உலக்கை நின்றதே, அது?

பித்தளைத் தட்டில் மஞ்சள் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் விடும்போது விழும் என்பார்கள். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால், பொறுமை இருந்தால், எந்த செவ்வாய்க்கிழமையும் நிற்கும். நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆனால் தெருவே கூடி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் உலக்கையைப் பார்க்கிற அழகு மற்ற நாளில் வராது.

இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் உண்டா?

கிரகணம் எப்போது, எங்கே என்ற கணக்கு அறிவியல். அது மனசை மாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ராசிப் பலன் ஒரு மரபு. அதை வைத்து நம்மை நாமே விசாரிக்கலாம். மருந்தை நிறுத்தவோ, டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவோ அதை வைத்துக்கொள்ளக் கூடாது. மனசு ரொம்ப நாளாகவே சரியில்லை என்றால் பஞ்சாங்கம் வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது எப்போது?

2026 ஆகஸ்ட் 28 கிரகணம் இந்தியாவில் தெரியாது, அப்போது இங்கே பகல். கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு இங்கே அனுஷ்டானமும் இல்லை, தோஷமும் இல்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் தெரியும் என்பதால் அங்கே உள்ள நம்மவர்கள் அந்த ஊர் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2027இல் வருவதெல்லாம் வெறும் புறநிழல் கிரகணம். நிலா லேசாக மங்கும், பஞ்சாங்கத்தில் கணக்கில்லை. 2028 ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணம் தெரியும்.

நான் காத்திருப்பது 2028 டிசம்பர் 31க்கு. முழு கிரகணம், இரவு 10.20 வாக்கில் உச்சம், மிதுனத்தில் கேதுவோடு. மார்கழி, பௌர்ணமி, திருவாதிரை மூன்றும் சேர்ந்த ராத்திரி. ஊர் முழுக்கப் புத்தாண்டுக்குப் பட்டாசோடு காத்திருக்கும் நேரத்தில், சிவனுக்குரிய நட்சத்திரத்தில் நிலா சிவந்து நிற்கும். திருவாதிரைக் களியைக் கிரகணம் பிடிப்பதற்கு முன்னாடியே கிளறிச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.